கோட்டைக்கு மனு கொண்டுபோகும் முன்: மாநிலச் சட்டத்தை மாற்ற நினைக்கும் சிறு தொழில் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினான்கு கோரிக்கைகள் கொண்ட ஒரு மனு, ஒரு பொன்னாடை, அமைச்சரோடு ஒரு போட்டோ. போட்டோ அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அடுத்த வருடம் அதே பதினான்கு கோரிக்கைகள், தேதியை மட்டும் மாற்றி, மறுபடி போகும். நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் 'அரசிடம் வலியுறுத்துவது' என்றால் இதுதான். ஒரு சிறு தொழில் சங்கத்தில் பல வருடம் மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் பங்கு உண்டு. அப்படி எழுதிய மனுக்களில் பெரும்பாலானவை எங்கே போயின என்று எனக்கே தெரியாது. போய்ச் சேர்ந்து பலன் தந்த ஒன்றிரண்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் வணிகர்களுக்குச் சட்டமன்றத்துக்குள்ளேயே நாற்காலி இருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 6 இடங்கள் வணிகம், தொழில் துறைக்கு ஒதுக்கப்பட்டவை. 1836-இல் தொடங்கிய மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் போன்ற அமைப்புகளுக்கு அப்போது மனு கொடுத்து நிற்க வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. உள்ளே அவர்கள் ஆளே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு 234 உறுப்பினர்களும் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்து வருகிறவர்கள். நாம் வெளியே நிற்கிறோம். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் வெளியே நிற்பவருக்கு எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: எந்தக் கதவு?

உங்கள் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சங்கங்கள் சறுக்கும் முதல் இடம் இது.

தொழில் வரியை எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சி கேட்கும் தொகை அதிகம் என்றால் மாநில அரசிடம் பேசலாம். ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதை மாற்ற கோட்டையில் யாராலும் முடியாது. ஜி.எஸ்.டி. விகிதம் என்றால் ஜி.எஸ்.டி. மன்றம். அங்கே மாநிலங்களுக்கு மொத்தமாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மதிப்பு உண்டு, முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மாநில நிதியமைச்சரிடம் நீங்கள் கேட்கக்கூடியது 'வரியைக் குறையுங்கள்' என்பதன்று, 'மன்றத்தில் இதை எழுப்புங்கள்' என்பதுதான். தொழிலாளர் விஷயங்கள், மத்தியும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் வருகின்றன. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தத்துக்கு, பேரவை நிறைவேற்றினாலும், 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரை போக வேண்டியிருக்கும். அதற்கு எத்தனை மாதமோ, வருடமோ.

அதிகாரம் மாநிலத்திடம்தான் என்று தெரிந்த பிறகு இன்னொரு கேள்வி: சட்டத்தையே திருத்த வேண்டுமா, விதியை மாற்றினால் போதுமா, இல்லை ஓர் அரசாணையிலேயே முடிந்துவிடுமா?

கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கும் அனுமதி இதற்கு நல்ல பாடம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை இரவு முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று 2019 மே மாதம் தமிழக அரசு மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. அதற்காகச் சட்டமன்றத்தில் எந்த மசோதாவும் வரவில்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 6-ஆவது பிரிவில், எந்த வகை நிறுவனத்துக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். பழைய சட்டங்களில் இப்படி 'விலக்களிக்கலாம்', 'நிர்ணயிக்கலாம்' என்று முடியும் பிரிவுகள் நிறையவே உண்டு. சட்டப் புத்தகத்தை வாங்கி அந்தப் பிரிவுகளை முதலில் அடிக்கோடிடுங்கள். சட்டத் திருத்தம் கேட்டு ஐந்து வருடம் அலைவதைவிட, இருக்கும் பிரிவில் ஓர் அரசாணை கேட்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவது படி: லெட்டர் பேடுக்குப் பின்னால் ஒரு சங்கம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு செய்த பிறகு ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எதிர்க்கும் தரப்பு கேட்கும் முதல் கேள்வியே 'இவர்கள் யார், எத்தனை பேருக்காகப் பேசுகிறார்கள்' என்பதாகத்தான் இருக்கும். உறுப்பினர் எண்ணிக்கை, அவர்களிடம் வேலை செய்வோர் எண்ணிக்கை, எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறார்கள் என்ற மூன்றும் கையில் இருக்கட்டும். மூன்றாவதை யாரும் வைத்திருப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினரிடம் போகும்போது வேலை செய்வது அதுதான்.

உங்கள் சங்கம் சிறியது என்றால் தனியாகப் போகாதீர்கள். சிறு தொழில்களுக்கு டான்ஸ்டியா, கோவையில் கொடிசியா, வணிகர் சங்கங்களின் பேரமைப்பு என்று பல சங்கங்களைச் சேர்த்துக்கொண்ட பெரிய குடைகள் இருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: குடையின் மனுவில் உங்கள் கோரிக்கை பத்தொன்பதாவதாக இருந்தால், அது இல்லாததற்குச் சமம்.

மூன்றாவது படி: கணக்கும் ஒரு பன்னும்

2024 செப்டம்பரில் கோவையில் நடந்த ஒரு கூட்டத்தில், உணவகத் தொழிலைச் சேர்ந்த ஒருவர் ஒன்றிய நிதியமைச்சரிடம் பேசியது நினைவிருக்கும். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம். வாடிக்கையாளர் பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். இதுதான் அவர் சொன்னதன் சாரம். அதன் பிறகு நடந்தது வேறு கதை. எனக்கு அதில் படிப்பினை என்னவென்றால், ஜி.எஸ்.டி. பற்றி எத்தனையோ பக்கம் மனுக்கள் போயிருக்கும், ஊருக்கே நினைவிருப்பது அந்த ஒரு பன்தான்.

ஆகவே மனுவில் இரண்டும் வேண்டும். ஒன்று, யாருக்கும் புரியும் ஓர் உதாரணம். இரண்டு, யாராலும் உடைக்க முடியாத கணக்கு. கணக்கு என்றால் 'தொழிலே நசிந்துவிடும்' என்று எழுதுவதில்லை. பத்து உறுப்பினர்களின் பன்னிரண்டு மாத ரசீதுகளை வாங்கி, மாற்றத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போடுங்கள். பெயர்களை மறைத்துவிடலாம். அரசுக்கு இதனால் எவ்வளவு வருவாய் குறையும் என்ற கணக்கையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். நீங்கள் போடாவிட்டால் நிதித்துறை போடும். அது போடும் கணக்கு உங்களுக்குப் பிடிக்காது.

அரசிடமே இருக்கும் புள்ளிவிவரம் வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. எத்தனை உரிமங்கள் கொடுக்கப்பட்டன, எத்தனை அபராதங்கள் விதிக்கப்பட்டன, எவ்வளவு வசூலானது என்று கேளுங்கள். அரசின் எண்ணையே அரசிடம் காட்டும்போது யாரும் வாதாட முடியாது.

நான்காவது படி: கேட்பதை ஒரு வரியாக எழுதுங்கள்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் அனுபவத்தில் மனு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும் மனுவுக்கு, 'பரிசீலிக்கப்படும்' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பதிலாக, இன்ன சட்டம், இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவில் 'இப்படி' இருப்பதை 'இப்படி' மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் வழக்கறிஞர் ஒருவரை வைத்துச் சட்ட நடையிலேயே எழுதி இணையுங்கள். பக்கத்திலேயே நோக்கமும் காரணமும் நாலு வரியில். கோப்பு எழுதும் அலுவலருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது. அவர் மேஜையில் நூறு கோப்புகள் இருக்கும். தயாராக எழுதப்பட்ட வரி எதில் இருக்கிறதோ அது நகரும்.

ஒரு வரியால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். 2021-இல் கடைகள் சட்டத்தில் 22-அ என்று ஒரே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கடைகளில் வேலை செய்பவர்கள் நேரம் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு பிரிவு எவ்வளவு பெரியது! அது முதலாளிகள் கேட்டு வந்ததும் இல்லை. தொழிலாளர் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம். கேட்டது ஒன்றே ஒன்று. எதிர்த்துப் பேச யாருக்கும் கூச்சமாக இருக்கும் கோரிக்கை. அதோடு, கேரளம் அதை 2018-லேயே செய்திருந்தது.

அந்தக் கடைசி விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'அண்டை மாநிலத்தில் இருக்கிறது' என்ற வாக்கியத்துக்குக் கோட்டையில் இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, குஜராத் என்று ஐந்து மாநிலங்களில் அதே விஷயம் எப்படி இருக்கிறது என்ற ஒப்பீட்டு அட்டவணையை இணையுங்கள். அந்த மாநில அரசிதழின் நகலோடு.

ஐந்தாவது படி: கோப்பு போகும் வழி

அமைச்சரிடம் கொடுத்த மனு அமைச்சரிடம் இருக்காது. அது துறைக்கு வரும், ஒரு பிரிவுக்கு ஒதுக்கப்படும். உதவிப் பிரிவு அலுவலர் அதன்மேல் முதல் குறிப்பை எழுதுவார். அங்கிருந்து பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறும். நடுவில் ஒரு கட்டத்தில், 'அறிக்கை பெறலாம்' என்று துறைத் தலைவருக்கு, அதாவது தொழிலாளர் ஆணையருக்கோ தொழில் வணிக ஆணையருக்கோ அனுப்பப்படும். ஆணையர் அலுவலகம் அதை மாவட்டத்துக்கு அனுப்பும். மாவட்டத்தில் மாவட்டத் தொழில் மையத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ ஒருவர் பதில் எழுதுவார்.

கவனியுங்கள். நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறிப் போய்க் கொடுத்த மனுவுக்கு உண்மையான பதிலை எழுதப்போகிறவர் உங்கள் ஊரிலேயே, நாலு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்காமல் நேரே கோட்டைக்குப் போவது, சங்கங்கள் தொடர்ந்து செய்யும் தவறு. எங்கள் கோரிக்கை ஒன்று ஒரு வருடம் தூங்கியது. கடைசியில் பார்த்தால், மாவட்ட அலுவலகத்தில் 'இப்பகுதியில் இப்பிரச்சினை கவனத்துக்கு வரவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. அப்புறம் யாரைக் குறை சொல்வது?

மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள், கோப்பு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள், மாதம் ஒருமுறை அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். பணம் சம்பந்தப்பட்டது என்றால் நிதித்துறைக்கும், சட்டச் சொற்கள் மாறுகின்றன என்றால் சட்டத்துறைக்கும் கோப்பு போய் வரும். அதன் பிறகுதான் அமைச்சர், முதல்வர். மசோதா பேரவைக்கு வரும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். தமிழகத்தில் பல மசோதாக்கள் அறிமுகமாகிச் சில நாட்களிலேயே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். மசோதாவை ஆராயும் தேர்வுக் குழுவுக்குப் போய் அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். மேலவையும் 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஒரே அவை, ஒரே வாய்ப்பு.

ஆறாவது படி: காலண்டர்

நிதிநிலை அறிக்கை பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். அதற்கு முன் தொழில் அமைப்புகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் கோப்பு துறையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே உங்கள் வேலை ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

நிதிநிலை அறிக்கைக்குப் பின், ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதல் கேட்டு வரும் துறைவாரி மானியக் கோரிக்கை விவாதம் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகிறது. ஒவ்வொரு துறைக்கும் நாள் குறிக்கப்படும். விவாதத்தின் முடிவில் அமைச்சர் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். உங்களுடையது பெரிய கொள்கை மாற்றமாக இல்லாமல், ஒரு துறை தானே செய்யக்கூடிய சின்னத் திருத்தம் என்றால், அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பதே இலக்கு. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் வாங்கி ஒப்பிட்டுப் படியுங்கள். எதை அறிவித்தார்கள், எது நடக்கவில்லை என்பது அதிலேயே தெரியும்.

சட்டமன்ற உறுப்பினரை எதற்குப் பயன்படுத்துவது? கேள்வி எழுப்ப, கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவர, மானிய விவாதத்தில் இரண்டு நிமிடம் பேச. அவருக்குக் கொடுக்கும் குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது, அவர் தொகுதியில் எத்தனை பட்டறைகள் என்பதோடு தொடங்க வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினரையும் பாருங்கள். ஆளுங்கட்சிக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இன்றைய எதிர்க்கட்சி நாளை எங்கே இருக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது அங்கேயும் ஒரு பிரதி. அமைச்சர் அவையில் 'செய்கிறோம்' என்று சொல்லிவிட்டால், அந்த வாக்கைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் நினைப்பதே இல்லை.

ஏழாவது படி: ஆணையம் இருக்கும் இடத்தில் ஆணையம்

மின்கட்டணம் சட்டமன்றத்தில் தீர்மானமாவதில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 64-ஆவது பிரிவின்படி, மின்வாரியம் விண்ணப்பிக்கும், அதை விளம்பரப்படுத்த வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்து ஒழுங்குமுறை ஆணையம் 120 நாட்களுக்குள் ஆணையிட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. தொழில் அமைப்புகள் திரண்டு வந்து எதிர்த்தன. செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறியது. தாழ்வழுத்த இணைப்பு வைத்திருக்கும் சிறு ஆலைகளுக்கு மின்தேவை அதிகமாக இருக்கும் உச்சநேரப் பயன்பாட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் என்றும் வந்தது.

கூட்டத்தில் பேசியது வீண் என்று அப்போது பலரும் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே பதிவான ஆட்சேபணைகளை வைத்துக்கொண்டு சங்கங்கள் அரசிடம் தொடர்ந்து பேசின. அந்த ஆண்டு நவம்பரிலேயே உச்சநேரக் கட்டணம் 25-இலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. ஆணையம் தனி அமைப்புதான். ஆனாலும் அதே சட்டத்தின் 108-ஆவது பிரிவு கொள்கை விஷயங்களில் அதற்கு வழிகாட்டும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது, 65-ஆவது பிரிவு மானியம் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்கும் வழியைத் தருகிறது. ஆணையத்தில் தோற்ற கோரிக்கையை எந்தப் பிரிவின் பெயரில் அரசிடம் எடுத்துப் போகலாம் என்று தெரிந்திருந்தால் இரண்டாவது கதவு திறக்கும். மின்சாரம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் அப்போது அப்படியே நின்றது. அது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகத்தான் 2023 செப்டம்பர் 25 அன்று சிறு குறு ஆலைகள் ஒரு நாள் மூடிக் கிடந்தன. கதவடைப்பு கடைசி ஆயுதம். முதலில் எடுத்துவிட்டால் பேச்சுவார்த்தையில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

எட்டாவது படி: எதிரே இருப்பவரிடம் போய் உட்காருங்கள்

2023 ஏப்ரல் 21, பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-அ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்த மசோதா நிறைவேறியது. வேலை நேர வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி என்றுதான் எல்லோரும் அதைப் படித்தார்கள். கர்நாடகம் பிப்ரவரியில் செய்ததுதான், முதலீடு வரும் என்பதுதான் வாதம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. ஏப்ரல் 24 அன்று தொழிற்சங்கங்களோடு பேச்சு நடந்தது, மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். மொத்தம் பத்து நாள்.

அண்டை மாநில உதாரணம் இருந்தது, எழுதப்பட்ட பிரிவு இருந்தது, கோப்பு எல்லா மேஜைகளையும் தாண்டியிருந்தது, அவையில் பெரும்பான்மை இருந்தது. இதுவரை நான் சொன்ன எல்லாம் இருந்தும் நிற்கவில்லை. யாருடைய உடம்பில் அந்த நான்கு மணி நேரம் ஏறப்போகிறதோ, அவர்களிடம் முன்கூட்டியே யாரும் போய் உட்காரவில்லை. அந்த மசோதா திரும்பப் போனது சரிதான் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். ஆனால் உங்கள் கோரிக்கையால் யாருக்காவது நஷ்டம் என்றால், அது தொழிலாளியோ, பக்கத்துக் குடியிருப்போ, போட்டி வணிகரோ, மனு கொடுக்கும் முன்பே அவர்களைப் பாருங்கள். சம்மதிக்க மாட்டார்கள். பரவாயில்லை. அவர்களுடைய மிகக் கடுமையான ஆட்சேபம் எது என்று தெரிந்துகொண்டு, அதற்கான பதிலை உங்கள் வரைவிலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம். 24 மணி நேரக் கடை அனுமதியில் வாரவிடுமுறை, கூடுதல் வேலை நேர வரம்பு, பெண்களின் பாதுகாப்பு என்று நிபந்தனைகள் உள்ளேயே இருந்ததைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை

'அங்கே கொஞ்சம் கவனிச்சுட்டா முடிஞ்சிடும்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். எல்லாச் சங்கத்துக்கும் வருவார். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு, கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை சிறை. நிறுவனத்துக்காகக் கொடுத்தால் நிறுவனமும் மாட்டும். நம் நாட்டில் சட்டம் இயற்றுவோரிடம் பரிந்து பேசுபவர்களைப் பதிவு செய்யும் சட்டம் கிடையாது. அதனால் எது பரிந்துரை, எது கையூட்டு என்ற எல்லைக்கோட்டை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். யாரை எப்போது பார்த்தோம், என்ன பேசினோம், என்ன கொடுத்தோம் என்று சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுத முடியாத சந்திப்புக்குப் போகாதீர்கள்.

அரசாணை வந்த பிறகு

அரசாணையின் நகலை வாங்கிச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். கேட்டது ஒன்று, வந்தது வேறு என்பது சாதாரணம். சட்டத் திருத்தம் என்றால் ஆளுநரின் ஒப்புதல், அரசிதழ் வெளியீடு, எந்தத் தேதி முதல் அமல் என்ற தனி அறிவிப்பு, அதன்கீழ் விதிகள் என்று இன்னும் நாலு கட்டம் இருக்கிறது. விதிகளின் வரைவு அரசிதழில் வந்தால் ஆட்சேபணைக்குக் கெடு கொடுத்திருப்பார்கள், அதைத் தவறவிடக் கூடாது. பிறகு ஆணையைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி உறுப்பினர்களுக்கும், பகுதி ஆய்வாளருக்கும், காவல் நிலையத்துக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். இரவில் கடை திறந்திருக்கலாம் என்று ஆணை வந்த பிறகும், ரோந்து வரும் காவலருக்கு அது தெரியாமல் ஷட்டரை இறக்கச் சொன்ன கதைகள் எத்தனையோ.

இன்னொன்று, ஆணையில் காலவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் வந்த 24 மணி நேர அனுமதி மூன்று ஆண்டுக்குத்தான். 2022-இல் மறுபடி மூன்று ஆண்டு, 2025-இல் மறுபடி மூன்று ஆண்டு. அடுத்தது 2028. சங்க அலுவலகத்துச் சுவர்க் காலண்டரில் 2028 இன்னும் வந்திருக்காது. அதனால் 2027 ஜூலையில், நீட்டிப்புக் கோப்பைத் தொடங்க வேண்டும் என்று குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றே எழுதி, கீழே யார் பொறுப்பு என்று பெயரும் போட்டுவிடுங்கள்.